வகுப்பில் விளையாட்டுக்கு ஏமாற்றலாமா?

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் 2, 3-ஆம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். ஏப்ரல் முதல் தேதி பிள்ளைகளிடம் ஏதாவது குறும்பு செய்து சிரிக்க வைக்க ஆசை. போன வருடம் இங்கே ஓர் ஆசிரியை "சுற்றுலா ரத்து" என்று சும்மா சொல்லப்போய், ஒரு குழந்தை மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அழுதது. எதுவரை செய்யலாம்? பிள்ளைகள் பதிலுக்கு ஆரம்பித்தால் விடலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். டீச்சர் குறும்பு செய்த நாளைப் பிள்ளைகள் வீட்டில் போய் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஏமாறுவது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அது நீங்களாக இருக்கட்டும்.

அந்தச் சுற்றுலா விஷயம் ஏன் சிரிப்பாக முடியவில்லை என்று பார்ப்போம். அடுத்தவர் ஒன்றைத் தப்பாக நம்பக்கூடும் என்பது குழந்தைக்கு 4, 5 வயதில் பிடிபடுகிறது. 'டீச்சர் சொல்வது நிஜமில்லை, அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்' என்று யோசிப்பது அதற்கும் ஒரு படி மேலே. 1985-இல் பெர்னர், விம்மர் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து பார்த்ததில், இந்த மாதிரி யோசனை 6, 7 வயதுவாக்கில்தான் வரத் தொடங்குகிறது என்று தெரிந்தது. அது வரும்வரை கிண்டலும் பொய்யும் குழந்தைக்கு ஒன்றுதான். உங்கள் வகுப்பு சரியாக அந்த வாசலில் நிற்கிறது. பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்பிவிடுவார்கள். போதாக்குறைக்கு, "எங்க டீச்சர் சொன்னாங்க" என்று அப்பா அம்மாவையே மறுத்துப் பேசும் வயது இது.

அதனால் பிள்ளை எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறதோ, எதற்குப் பயப்படுகிறதோ, அதில் கை வைக்காதீர்கள். சுற்றுலா, பரிசு, மார்க், "நான் மாற்றலாகிப் போகிறேன்", "உன் அம்மா இன்னிக்கு வர மாட்டாங்க" எல்லாம் இந்த ரகம். ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் "இப்பவே பரீட்சை, பேப்பரை எடு" என்பதும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. (அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஓர் ஏப்ரல் முதல் தேதிதான், 2010-இல்.) ஒரு குறும்புக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள், சரி. ஆனால் வகுப்பே பார்க்க ஒரு பிள்ளையை அழவிட்டுச் சிரித்தால், அதை விளையாட்டு என்று தலைமையாசிரியரிடம் விளக்குவதே கஷ்டம்.

சரி, என்னதான் செய்வது? எனக்குப் பிடித்தது வருகைப் பதிவு. காலையில் வழக்கம்போலப் பதிவேட்டைத் திறந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்: "தக்காளி?" வகுப்பு முழிக்கும். "தக்காளி இன்னிக்கும் லீவா? சரி, வெண்டைக்காய்?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், அது காய் டீச்சர்!" "அப்படியா? நேத்து 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லிச்சே!" அவ்வளவுதான், அடுத்த காய்க்கு நாலு பேர் எழுந்து 'உள்ளேன்' சொல்வார்கள். இதில் ஒன்றே ஒன்று கவனம். கூப்பிடும்போது கண் பதிவேட்டில் இருக்கட்டும், எந்தப் பிள்ளையின் முகத்திலும் வேண்டாம். குண்டாக இருக்கும் ஒரு பையனைப் பார்த்தபடி "பூசணிக்காய்" என்று சொல்லிவிட்டால், அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் பெயர் அதுதான். பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயராவது நாளடைவில் மறக்கும், டீச்சர் வாயிலிருந்து வந்தது மறக்கவே மறக்காது.

3-ஆம் வகுப்புக்கு வாய்ப்பாட்டைத் தப்பாக எழுதிக்கொண்டே போகலாம். 5 × 4 = 25 என்று எழுதிவிட்டு, அவர்கள் கத்தக் கத்த "எங்கே தப்பு, சரியாத்தானே இருக்கு" என்று கொஞ்சம் அடம்பிடியுங்கள். 2-ஆம் வகுப்புக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடினாலே போதும். எதுவானாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பெரியவர்களுக்கே அலுத்துவிடும்.

இன்னொன்றும் பலரும் செய்வது: 'எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்கு' என்று தலைப்பில் போட்டு, பத்துப் பதினைந்து வேலைகள் கொடுத்து, கடைசி வரியில் 'பெயரை மட்டும் எழுதினால் போதும்' என்று முடிக்கும் தாள். பெரிய வகுப்பில் நன்றாக எடுபடும். உங்கள் வகுப்பில் வேண்டாம். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் கணக்கில் மலர் நிலையில் (நன்றாக வாசிக்கும் நிலை) இருக்கும் பிள்ளை கடைசி வரியைப் பிடித்துவிடும், அரும்பு நிலையில் (ஆரம்ப நிலை) இருக்கும் பிள்ளை முதல் வரியிலேயே திணறிக்கொண்டிருக்கும். வாசிக்கத் திணறுபவரைப் பார்த்துத்தான் வகுப்பு சிரிக்கும்.

வெள்ளை மிட்டாயை சாக்பீஸ் என்று சொல்லித் தின்று காட்டும் வித்தையும் வேண்டாம். பல்பம் தின்னும் பிள்ளை அநேகமாக எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் பழக்கம். டீச்சரே தின்றால் கேட்கவே வேண்டாம்.

எளிதில் மிரளும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை என்று யாராவது இருந்தால், முன்கூட்டியே காதில் ரகசியத்தைச் சொல்லிக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். வாயே திறக்காத பெண் அன்று முதல் ஆளாக "உள்ளேன் டீச்சர்" சொல்வதைப் பார்க்கலாம். அப்புறம், போனை எடுக்காதீர்கள். பிள்ளைகள் ஏமாறும் முகம் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் உரியதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை அழுதுவிட்டால், "விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னது நிஜமில்லை, உன்னை அழ வெச்சது என் தப்பு" என்று மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். சாயங்காலம் கூட்டிப்போக வருபவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், பிள்ளை வாயால் அது வேறு கதையாகப் போய்ச் சேரும் முன்.

பதிலுக்கு அவர்கள் செய்வார்களா என்றால், செய்யாமல் இருக்க மாட்டார்கள். உருளைக்கிழங்கில் எழுத்து வெட்டி மையில் தோய்த்து முதுகில் அச்சுக் குத்துவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. சீருடையில் மை வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், மாற்றுச் சட்டை இல்லாத பிள்ளை இருக்கும். வேண்டுமானால் ஒரு பழைய சார்ட்டைச் சுவரில் ஒட்டி, அதில் குத்தச் சொல்லுங்கள். உட்காரப் போகிறவரின் நாற்காலியை இழுப்பதற்கு மட்டும் கண்டிப்பான தடை, முதுகெலும்பின் நுனியில் அடிபடும். மற்றபடி "டீச்சர், சேலையில பல்லி!" என்று காலையிலிருந்து கத்துவார்கள். பத்தாவது தடவையும் துள்ளிக் குதியுங்கள்.