அக்கா கல்யாணத்துக்கு வந்த 1,200 பேர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 29. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் ஒரு கிராமம், வேலை சென்னையில். நான்கு வருடமாகப் பழகியவரையே இரு வீட்டுச் சம்மதத்தோடு மணக்கப்போகிறேன். லெந்து என்னும் நோன்பு நாட்களும் ஈஸ்டரும் கழிந்து மே மாதம் கல்யாணம். நாங்கள் இருவரும் கேட்பது ஒன்றுதான். ஒரு வாரநாள் காலையில், எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில், 40 பேர் மட்டும் இருக்க ஆராதனை, தாலி, கையெழுத்து. பிறகு வீட்டு முற்றத்தில் ஒரே பந்தி. மண்டபம், மேடை எதுவும் வேண்டாம்.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "முப்பது வருசமா இந்த ஊர்ல எந்தப் பந்தியில நான் உக்காரல? என் வீட்டு அடுப்பு எரியும்போது மட்டும் கதவச் சாத்தணுமா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கு வேறு பயம்: "சத்தமில்லாம செஞ்சா, ஏதோ அவசரம்னுதான் பேசுவாங்க." மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். "பணம் என்னோடது, நீ ஏன் கவலைப்படுற?" என்று முடித்துவிட்டார். இரண்டு வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு 1,200 பேர் வந்தார்கள். மூன்றாவது வருடம் விவாகரத்து. அதன்பிறகு அவள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களில் யாராவது ஒருவர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே அவள் வருவதில்லை. என் கல்யாணத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அவள் எங்கே போய் நிற்பாள்? நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் கேட்பது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

தவறில்லை. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமே குருவானவரைத் தவிர 2 சாட்சிகளைத்தான் கேட்கிறது. நீங்கள் 40 பேரைக் கூப்பிடுகிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்கா கடைசிப் பத்தியில்தான் வருகிறாள். அப்பாவிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பத்தி வரை போகவே இல்லை. பணத்தைக் காரணமாகச் சொன்னீர்கள், பணத்திலேயே பதில் வந்துவிட்டது. இன்னும் பத்து முறை கணக்குக் காட்டினாலும் இதே பதில்தான் வரும்.

முறிந்துபோன கல்யாணத்தைப் பற்றி ஊர் பேசியது அக்கா காதில் மட்டும் விழுந்திருக்காது. 1,200 பேரை அழைத்த மனிதர் உங்கள் அப்பா. மறுபடியும் எல்லோரையும் கூட்டி, நிறைவாகச் சோறு போட்டு, இந்த வீட்டில் ஒரு நல்லது நடந்தது என்று காட்ட அவர் ஆசைப்படலாம். நீங்களோ, அந்த ஊரே கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் வலிப்பது ஒரே இடத்தில் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

அதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். அக்கா வாழ்க்கை நன்றாக இருந்திருந்தால், அப்போதும் 40 பேர் போதும் என்பீர்களா? ஆம் என்றால், அது உங்கள் இருவரின் விருப்பம். அதில் உறுதியாக நில்லுங்கள். இல்லை என்றால், பயம்தான் இந்த முடிவை எடுத்திருக்கிறது. பயந்து ஒதுங்கும்போது அந்த நாள் நிம்மதியாகக் கழியும். பயம் குறையாது. அடுத்து ஒரு ஞானஸ்நானம் வரும், ஒரு வீட்டு பிரதிஷ்டை வரும், அப்போதும் இதே படபடப்பு வந்து நிற்கும்.

அக்காவிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். அவளுக்காகத்தான் கூட்டத்தைக் குறைத்தீர்கள் என்று பின்னால் யார் வாய்வழியாகவோ தெரிந்தால், "தங்கச்சி கல்யாணமும் என்னாலதானே இப்படி ஆச்சு" என்ற பாரம் அவள் தலையில் ஏறும். முதலில் அவளிடம் பேசுங்கள். அவள் எங்கே நிற்பாள் என்று கேட்டிருந்தீர்கள். கல்யாணப் பதிவேட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போட முடியுமா என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். முற்றத்தில் பந்தி பரிமாறினாலே போதும் என்று அவள் சொல்லலாம், அதுவும் நல்ல இடம்தான்.

அம்மாவின் பயத்துக்கு உங்கள் கோயிலிலேயே பதில் இருக்கிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சபை முழுவதும் கேட்க அறிவிப்பார்கள். ஊரைக் கேட்டுவிட்டு நடத்தும் கல்யாணத்தை அவசரக் கல்யாணம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மூன்று ஞாயிறும் நீங்கள் ஊரில் இருந்தால் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும்.

அப்பாவின் பந்திக் கணக்கைத் தயவுசெய்து வீண் ஜம்பம் என்று ஒதுக்காதீர்கள். முப்பது வருடம் பிறர் இலையில் சாப்பிட்டவர், தன் இலையைப் போட நினைக்கிறார். உங்கள் பக்கத்துக் கோயில் அசன விருந்துகளில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இந்த வருட அசனத்துக்கு, உங்கள் கல்யாணத்தை நினைத்து, அரிசியும் ஆடும் அவர் கையால் கொடுக்கட்டும். அன்றைக்கு நீங்கள் இருவரும் வந்து பந்தி பரிமாறுங்கள். மேடையில் நிற்பதற்கும் கையில் கறி வாளியோடு நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நெஞ்சு அவ்வளவாகப் படபடக்காது. இதோடு 40 என்பதை 60 ஆக்கி, அப்பாவின் நெருங்கிய நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டால் என்ன? அதையும் அவரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

படபடப்பு தினமும் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

அப்பாவிடம் நேரில் வாய் வரவில்லை என்றால், எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பத்தியை அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியராக இருந்தவர், பிள்ளை எழுதியதைப் படிக்காமல் வைக்கமாட்டார். முதல் ஓலை வாசிப்பதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.