காற்றில் மாசு அளவு வரம்புக்குள் என்கிறார்கள், பிறகு ஏன் மூச்சடைக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெற்கில், ஆலைகளுக்கு அருகே உள்ள மெரிபேங்க் பக்கம் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒரு கன மீட்டர் காற்றில், இத்தனை நேரச் சராசரியாக, இவ்வளவுதான் இருக்கலாம் என்ற சட்ட அளவே மாசு வரம்பு. தென்னாப்பிரிக்காவில் கந்தக டை ஆக்சைடுக்கு (தீக்குச்சி நெடி அடிக்கும் வாயு) 10 நிமிடச் சராசரி 500 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 350, ஒரு நாளுக்கு 125. சூட்சுமமே அந்த நேரக் கணக்கில்தான். பானைக் குழம்புக்கான மிளகாய்த்தூளை ஒரே கவளத்தில் கொட்டினாலும் பானைக் கணக்கு சரியாகத்தான் வரும். அந்தக் கவளத்தைத் தின்றவருக்குத்தான் தெரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கப் பத்து நிமிடம் போதும்.

அதனால் “நேற்று ஒரே நாற்றம்” என்று புகார் எழுதிப் பயனில்லை. தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், காற்று வந்த திசை, தீக்குச்சி நெடியா அழுகிய முட்டை வாடையா (அது வேறு வாயு) என்று குறித்து, டர்பனை நிர்வகிக்கும் எத்தேக்வினி நகராட்சியில் புகார் எண் வாங்குங்கள். பக்கத்துக் கண்காணிப்பு நிலையத்தின் 10 நிமிட அளவுகளைக் கேளுங்கள். நாள் சராசரியைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். தராவிட்டால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். அவர்கள் கால நீட்டிப்பு கேட்காதவரை 30 நாளில் பதில் வரவேண்டும்.

மேலே சொன்ன வரம்பைத் தாண்டினாலே ஆலை மாட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். இவை ஊர்க் காற்றுக்கான வரம்புகள், ஆலையைக் கட்டுப்படுத்துவது அதன் உரிமத்தில் புகைபோக்கிக்கென எழுதிய தனி வரம்பு.