பன்சோடான் தெருவில் வாங்கிய புத்தகம்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் கணினி நிரல் எழுதக் கற்க விரும்புகிறான். பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் பைத்தான் என்ற நிரல்மொழி பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முதல் பயிற்சியிலேயே பிழை வருகிறதென்று மூடி வைத்துவிட்டான். கோயில் பள்ளியில் தமிழ் படித்தவன், ஆங்கிலம் குறைவு. எந்தப் புத்தகம் ஏற்றது?

ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள நண்பருக்கு,

தவறு உங்கள் மருமகனுடையதாக இராது. புத்தகத்தின் வயதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பில் அடிப்படைகள் சிலவற்றையே மாற்றியதால், முந்தைய பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பல அதில் ஓடுவதில்லை. இரண்டாம் பதிப்பின் பராமரிப்பும் 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. கடையிலேயே சோதிக்கலாம்: ‘பிரிண்ட்’ என்ற கட்டளையை அடுத்து அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழைய புத்தகம். அங்கே பிழையாவது கண்ணுக்குத் தெரியும்; 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழைய பதிப்பு 3 என்றும் புதியது 3.5 என்றும் விடை தரும், கணினி எந்த எச்சரிக்கையும் செய்யாது. தடித்த புத்தகத்தின் மேல் நமக்குள்ள மரியாதை இந்தத் துறையில் உதவாது.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைப் பரிந்துரைக்கிறேன். பைத்தானைக் கற்பிக்கும் அந்நூல் தமிழ் வழியிலும் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் நான்கு பாடங்கள் கோட்பாடு. தேர்வெழுதாத பையனுக்கு அவை சலிப்பூட்டும் என்பதால் ஐந்தாம் பாடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஐந்து முதல் ஒன்பது வரையிலான பாடங்களை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தால், மின்சாரம் இல்லாத வேளையில் படித்து, வந்தவுடன் தட்டிப் பார்க்கலாம். பைத்தானை விண்டோஸ் கணினியில் நிறுவும்போது ‘ஐடில்’ என்ற மென்பொருளும் கூடவே வந்துவிடும். அதில் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க இணையம் வேண்டியதில்லை. ஆங்கிலத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டாம்: பைத்தான் தனக்கென ஒதுக்கிவைத்துள்ள சொற்கள் 35 மட்டுமே. பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். திரும்பத் திரும்ப வருபவற்றைப் பொருளுடன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பன்சோடான் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். ஒன்பதாம் பாடம் முடிந்தபின், அதிலுள்ள பழைய நிரல்களைப் புதிய பதிப்பில் ஓடும்படி திருத்துவதைவிட அவனுக்கு நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.