பெடல் அமுக்க ஒரு ஆள் வேணும்

அண்ணா வணக்கம்,

போன செப்டம்பர்ல ஒரு 1992 மியாட்டா வாங்கினேன், மாஸ்டா கம்பெனியோட கூரை தொறக்கற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு கலர், 1.6 இன்ஜின், மேனுவல் கியர். டெட்ராய்ட் பக்கத்துல இருக்கேன். நீங்க உங்க வண்டி பத்தி எழுதினதப் படிச்சுதான் எனக்கு ஆசையே வந்துச்சு, அதான் உங்ககிட்டயே கேக்குறேன். இங்க ஞாயித்துக்கிழமை காலைல ஒரு குரூப் காபி குடிக்க கூடுவாங்க, பத்து பன்னண்டு வண்டி வரும். மூணு தடவை போனேன். பாதிப் பேர் ரிடயர் ஆனவங்க, எல்லாரும் அவங்கவங்க வண்டிய அவங்களே கழட்டி மாட்டுறாங்க. எனக்கு ஆயில் மாத்தக்கூட தெரியாது, கடைல குடுத்துருவேன். ஒருத்தர் வந்து "கிராங்க் புல்லில எத்தனை ஸ்லாட்?"னு கேட்டார், நான் பேய்முழி முழிச்சேன். அதுலருந்து போகவே கூச்சமா இருக்கு. அப்பா வேற "ரெண்டே சீட்டு, முப்பது வருஷப் பழசு, புத்தி கெட்டுப் போச்சா"ன்னு போன்ல தினம் திட்டுறார். இத்தனைக்கும் வாலிப வயசுல சென்னை ரெட்ஹில்ஸ்ல இருந்து சைக்கிள் மிதிச்சு சோழவரம் கார் ரேஸ் பாத்த மனுஷன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரு எலெக்ட்ரிக் ஃபேமிலி கார்ல சிக்னல்ல என்ன சாதாரணமா தாண்டிப் போறார். வேகமும் இல்ல, வசதியும் இல்ல, வேலையும் தெரியாது. அந்தக் கூட்டத்துல நான் யாரு அண்ணா? வித்துடலாமான்னு இருக்கு. என் பேர் போட வேண்டாம்.

— ஒரு வாசகன், மிச்சிகன்

தம்பி,

விக்காதீங்க. அத முதல்ல சொல்லிடறேன், மத்தத நிதானமா பேசுவோம்.

அந்த புல்லி கேள்வியத்தான் நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு நினைக்கிறேன். அவர் உங்களுக்கு பரீட்சை வைக்கல. கிராங்க்னா இன்ஜினுக்குள்ள சுழல்ற முக்கியத் தண்டு, அதோட முன் முனைல மாட்டியிருக்க சக்கரம்தான் புல்லி. 1989ல வண்டி வந்ததுலருந்து 1991 நடு வரைக்கும் செஞ்ச 1.6 இன்ஜின்ல கிராங்கோட முன் மூக்கு கொஞ்சம் குட்டை, டைமிங் பெல்ட் மாத்தும்போது நடு போல்ட்ட சரியா டைட் பண்ணாம விட்டா நாளாக நாளாக அங்க புல்லிய நகராம பிடிச்சு வைக்கிற கீங்கிற சின்னத் துண்டு உக்கார்ற இடம் தேஞ்சு புல்லி ஆட ஆரம்பிக்கும், அப்புறம் கிராங்குக்கே வேட்டு. குட்டை மூக்கா நீள மூக்கான்னு இன்ஜினப் பிரிக்காம கண்டுபிடிக்க சுலபமான வழி அந்த புல்லில இருக்க ஸ்லாட்ட, அதாவது வெட்டுப் பள்ளத்த, எண்றதுதான், 4 இருந்தா குட்டை, 8 இருந்தா நீளம். உங்களோடது 1992, அந்தக் கவலையே இல்ல. ஆனா முப்பது வருஷத்துல யாராவது பழைய இன்ஜினத் தூக்கி மாட்டியிருக்கலாம் இல்லையா, அதனால பானட்ட தொறந்து ஒரு தடவை எண்ணிப் பாத்துடுங்க. அந்த மனுஷன் கேட்டது ஊர்ல பெரியவங்க "பாப்பாவுக்கு தடுப்பூசி போட்டாச்சா"ன்னு கேப்பாங்களே, அந்த மாதிரி. என்னோடது 1990, 4 ஸ்லாட்டு. வருஷம் ரெண்டு தடவை இன்ஜின ஐடில்ல ஓடவிட்டு புல்லி ஆடுதான்னு குனிஞ்சு பாக்குறேன், அதையும் இப்படி ஒரு ஆள் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப உங்க பெரிய கேள்விக்கு வரேன், அந்தக் கூட்டத்துல நான் யாருன்னு கேட்டீங்க. நான் 2013ல ஒஹாயோல வண்டி வாங்கினப்போ எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு நாலு மாசம் மீட்டுக்குப் போவேன், ஓரமா நிப்பேன், காபி குடிப்பேன், வந்துருவேன். அடுத்த ஏப்ரல்ல ஒரு பெரியவர், ஸ்கூல் பஸ் மெக்கானிக்கா இருந்து ரிடயர் ஆனவர், என்கிட்ட வந்து சனிக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமான்னு கேட்டார். எதுக்குன்னா, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மாத்துறார், பெடல அமுக்கினா ஆயில் அழுத்தத்துல கிளட்ச்ச நகத்துற சாமான் அது, பெடல் அமுக்க ஒரு ஆள் வேணும். இருபது வருஷமா அவர் மனைவிதான் அமுக்குவாங்களாம், அப்பத்தான் அவங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருந்துச்சு. அந்தக் கூட்டத்துல அத்தனை பேரு கைதேர்ந்தவங்க இருக்கும்போது அவர் தேடினது ஒரு காலு. என்கிட்ட இருந்துச்சு.

இந்த வண்டில ஸ்லேவ் சிலிண்டர் அடிக்கடி போற சாமான், உங்களுக்கும் போகும், பயப்பட ஒண்ணுமில்ல. திடீர்னு ஒரு நாள் பெடல் தொளதொளன்னு தரையோட ஒட்டிக்கும், ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்தும். புது சிலிண்டர் மாட்டுறது சின்ன வேலைதான், அதுக்கப்புறம் லைன்ல இருக்க ஏர் எடுக்கறதுதான் ரெண்டு ஆள் வேலை. அவர் வண்டிக்கு அடியில படுத்திருந்தார், ஜாக் ஸ்டாண்ட் ரெண்டு போட்டு, சிலிண்டர்ல ஏர் வெளியேத்துறதுக்குன்னு இருக்க நிப்பிள்ல ஒரு கண்ணாடி மாதிரி டியூப் சொருகி அதோட மறுமுனைய ஊறுகாய் ஜாடில விட்டிருந்தார். நான் சீட்ல. அவர் கீழருந்து "டவுன்"னு சொன்னா நான் முழுசா அமுக்கணும், அவர் நிப்பிளத் தொறப்பார், பழைய ஆயில் டிகாஷன் மாதிரி கறுப்பா முட்டை முட்டையா விட்டுக்கிட்டு ஜாடிக்குள்ள இறங்கும், அவர் மூடிட்டு "அப்"னு சொன்ன பிறகுதான் நான் கால எடுக்கணும். அவர் மூடுறதுக்கு முன்னாடி கால எடுத்தா ஏர் திரும்ப உள்ள இழுத்துக்கும், அதுவரைக்கும் பண்ணதெல்லாம் வீண். எட்டாவது தடவையோ ஒம்பதாவது தடவையோ நான் அவசரப்பட்டு எடுத்துட்டேன். கீழ ஒரு சத்தமும் இல்ல. ஒரு நிமிஷம் கழிச்சு அதே குரல்ல, அதே நிதானத்துல, "டவுன்". முதல்லருந்து ஆரம்பிச்சார். நான் ஆயில் டப்பாவ நிரப்பினேன், திரும்ப உக்காந்தேன், மறுபடி அமுக்கினேன். கடைசில டியூப்ல தேன் கலர்ல ஒரு குமிழ் இல்லாம ஆயில் வந்தப்போ பெடல் கால எதிர்த்து நின்னுச்சு பாருங்க, அத நான் இன்னிக்கும் பாதத்துல உணர முடியும்.

அந்த மூணு மணி நேரத்துக்கு அப்புறம் யாரும் எனக்கு அந்தக் குரூப்ல இடம் இருக்கா இல்லையான்னு யோசிக்க விடல.

அடுத்த வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். வண்டிய ஓட்டிப் பாத்தவர் முதல் ஸ்டாப் சைன்ல பிரேக் போட்டதும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டார், "கேட்டியா"ன்னார். கதவுக்குக் கீழ இருக்க பாடிக்குள்ள களக் களக்குன்னு தண்ணி ஆடுது. எனக்கு அது வரைக்கும் அந்த சத்தம் காதுல விழுந்ததே இல்ல, விழுந்தாலும் பழைய வண்டி ஏதோ சத்தம் போடும்னு விட்டிருப்பேன். விஷயம் என்னன்னா துணிக் கூரைல விழற மழைத்தண்ணி பின்னாடி ரெண்டு ஓரமும் சீட் பெல்ட் பக்கத்துல இருக்க ஓட்டை வழியா இறங்கி பின் சக்கரத்துக்கு முன்னாடி வெளிய வரணும். அந்த வழில மேப்பிள் இலையும் மண்ணும் அடைச்சா தண்ணி உள்ளயே நிக்கும், உள்ளருந்து துரு பிடிக்கும், வெளிய பெயிண்ட் கொப்புளம் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். என் வண்டில கைமீறியாச்சு, ரெண்டு பக்கமும் வெட்டி புதுத் தகடு வெல்டிங் வச்சேன். அந்த துரு என் அசட்டையால வந்தது, நினைச்சா இன்னும் வருத்தமாத்தான் இருக்கு. நீங்களும் பனிக்காக ரோட்டுல உப்பு போடுற ஊர்ல இருக்கீங்க, துரு சீக்கிரம் பிடிக்கும். இந்த வாரமே புல்லு வெட்டுற மெஷின்ல போடுற நைலான் கயிறு ஒரு முழம் வெட்டி அந்த ஓட்டைல மெதுவா விட்டுப் பாருங்க, கம்பி விட்டு குத்தாதீங்க, உள்ள இருக்க குழாய் கிழிஞ்சுரும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க, கீழ வருதான்னு பாருங்க. இதுக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

நம்ம ஆளுங்க நிறைய பேர் ஸ்போர்ட்ஸ் கார்னா வேகம், பவர், காசுன்னு நினைக்கிறாங்க, உங்க நண்பர் சிக்னல்ல தாண்டுனது உங்களுக்கு உறுத்துறதுக்கும் அதான் காரணம். 116 குதிரை சக்தி, ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியான எடை, இது என்னிக்குமே வேகமான வண்டி இல்ல தம்பி, புதுசுலயே இல்ல. இது பொறந்த கதை தெரியுமா உங்களுக்கு? 1979ல பாப் ஹால்னு ஒரு அமெரிக்க கார் பத்திரிகைக்காரர் ஜப்பான்ல மாஸ்டாவோட ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் கெனிச்சி யாமமோட்டோவோட பேசிட்டிருக்கும்போது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி எளிமையா, விலை கம்மியா, காத்தாட ஓட்ட ஒரு வண்டி இப்ப யாருமே செய்யலையேன்னு ஆதங்கப்பட்டார். எம்ஜிபின்னு பேர் போன பிரிட்டிஷ் ரோட்ஸ்டரும் அடுத்த வருஷமே, 1980ல, நின்னு போச்சு, அதனால அந்த ஆதங்கம் சும்மா இல்ல. அப்புறம் ஹால் அந்தக் கம்பெனிலயே சேந்தார், தோஷிஹிகோ ஹிராய் தலைமை இன்ஜினியரா இருந்து உருவாக்கினார், 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோவுல வந்து நின்னுச்சு. ஒரு பேச்சு வண்டியா மாற பத்து வருஷம். குதிரையும் சவாரி பண்றவனும் ஒண்ணா இருக்கறதுக்கு ஜப்பான்ல ஜின்பா இத்தாய்னு சொல்வாங்க, அதத்தான் அவங்க அளவுகோலா வச்சுக்கிட்டாங்க. 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு. ரெண்டு பேர் மட்டுமே உக்கார்ற வண்டி பத்து லட்சம்!

வேகம் வேணும்னா அதுக்கு இடம் இருக்கு, ரோடு இல்ல. இதுல நான் ரொம்ப கறார். ராத்திரில ஹைவேல ரேஸ் விடுறவங்க, நாலு ரோடு சந்திப்ப அடைச்சு டயர் சுத்துறவங்க, அவங்கள நான் வண்டிப் பிரியர்னு ஒத்துக்கவே மாட்டேன், அடுத்தவன் வீட்டுப் புள்ளை உயிரோட விளையாடுறது அது. நீங்க ஆட்டோகிராஸ் போங்க. காலியா கிடக்கற பெரிய பார்க்கிங் லாட்ல ஆரஞ்சு கோன் வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க, நல்லா இடைவெளி விட்டு ஒவ்வொரு வண்டியா அனுப்புவாங்க, ஒரு நிமிஷம் சொச்சம், அவ்வளவுதான். காலைல எல்லாரும் அந்தப் பாதைய நடந்து பாப்பாங்க, புதுசா வரவங்கள கூட்டிட்டு நடக்கவே ஒரு ஆள் இருப்பார்.

அங்க எனக்குப் பிடிச்சது ஓட்டுறத விட இன்னொண்ணு. ஓட்டுற எல்லாரும் வேலையும் பாக்கணும், காசு குடுத்து தப்பிக்க முடியாது. பாதிப் பேர் ஓட்டும்போது மீதிப் பேர் வெயில்ல நின்னு கோன் பாக்கணும். ஒவ்வொரு கோனச் சுத்தியும் தரைல கோடு போட்டு கட்டம் இருக்கும். வண்டி இடிச்சு கோன் விழுந்தாலோ கட்டத்த விட்டு முழுசா வெளிய போனாலோ 2 செகண்ட் கூடும், ஒரு ஓரம் கோட்டத் தொட்டுக்கிட்டு நின்னாலும் தப்பிச்சாங்க. நீங்க ஓடிப்போய் குனிஞ்சு பாத்து, ரேடியோல சொல்லிட்டு, அடுத்த வண்டி வரதுக்குள்ள நிமித்தி வச்சுட்டு ஓடி வரணும். பெரிய விலை போர்ஷே வச்சிருக்கவர், டாக்டர், பீட்சா டெலிவரி பண்ற பையன் எல்லாரும் அடுத்தடுத்து நின்னு ஒருத்தருக்கொருத்தர் கோன் எடுத்து வைக்கிறாங்க. நான் அவ்வளவு வருஷம் ஆபீஸ்ல பேசினத விட அதிகமா அந்த கோன் பக்கத்துல நின்னு மனுஷங்ககிட்ட பேசியிருக்கேன்.

எல்லாரும் நல்லவங்கன்னு சொல்ல மாட்டேன். புதுசா வந்தவன் கேள்விய கேட்டா "இதுகூட தெரியாதா"ன்னு முகத்த சுளிக்கிறவங்க உண்டு. கம்மி மைல் ஓடின வண்டியா பாத்து வாங்கி ஷேர் மார்க்கெட் பங்கு மாதிரி போர்வை போத்தி வச்சிருக்கவங்களும் உண்டு. அவங்களால விலை ஏறி உங்கள மாதிரி பசங்களுக்கு எட்டாமப் போகுது, எனக்கு அது கோபம்தான். நீங்க அவங்கள விட்டு நகந்து அடுத்த வண்டிகிட்ட போய் நில்லுங்க. யார் பானட் தொறந்திருக்கோ அங்க போங்க. டார்ச் வேணுமான்னு கேளுங்க, போதும்.

நம்ம வண்டில ஹெட்லைட் உள்ள மடங்கி இருக்கும், போட்டா மேல எழும்பும். எதிர்ல இன்னொரு பழைய மியாட்டா வந்தா பட்டப்பகல்ல அந்த ஹெட்லைட்ட மேல தூக்கி இறக்குவாங்க, கவனிச்சிருப்பீங்க. முதல் தடவை எனக்கு யாரோ அப்படி பண்ணப்போ என் வண்டில ஏதோ கோளாறுன்னு நினைச்சு ஓரங்கட்டி சுத்திப் பாத்தேன். அது வணக்கம். நீங்களும் திருப்பி வைங்க.

அப்பா விஷயம். சோழவரம்னா ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம், நிழல் கிடையாது, பொட்டல். அங்க ரெட்ஹில்ஸ்லருந்து சைக்கிள் மிதிச்சுப் போய் நாள் பூரா வெயில்ல நின்ன மனுஷனுக்கு வண்டின்னா என்னன்னு தெரியாதா? அவர் திட்டுறது உங்க காசுக்காகவும் உங்க பத்திரத்துக்காகவும்தான், அதுல நியாயமும் இருக்கு, முப்பது வருஷப் பழைய வண்டில குழந்தைய கூட்டிட்டுப் போக முடியாது. அவர்கிட்ட வாதாடாதீங்க. சோழவரத்துல என்ன என்ன வண்டி பாத்தீங்க, எங்க நின்னு பாத்தீங்கன்னு கேளுங்க.

அப்பா உங்க வீட்டுக்கு வரப்போ, ஸ்லேவ் சிலிண்டர் போறதுக்காக காத்திருக்க வேண்டாம், கிளட்ச் ஆயில் எப்படியும் மாத்த வேண்டியதுதான். டாட் 3ன்னு போட்ட பிரேக் ஆயில் ஒரு பாட்டில் (கிளட்ச்சுக்கும் அதான்), ஒரு அடி டியூப், ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கி வைங்க. அந்த ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல புல்லி கேட்டாரே, அவர்கிட்ட ஒரு தடவை காட்டித்தரச் சொல்லி கேளுங்க, நிச்சயம் வருவார். அவரும் நீங்களும் அடியில இருங்க. அப்பாவ சீட்ல உக்காரவைங்க, "டவுன்"னா அமுக்கணும், "அப்"னு சொல்ற வரைக்கும் கால எடுக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

அப்புறம் எனக்கு எழுதுங்க, என்ன ஆச்சுன்னு.