எந்த ஆண்டுக்கு எந்தத் தலைக்கவசம்?

கேள்வி: பிரஷ்யா எனும் பழைய ஜெர்மன் அரசின் வரலாற்றை வைத்து ஒரு படக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். 1848 மக்கள் எழுச்சியில் பெர்லின் தெருச்சண்டை, 1866இல் ஆஸ்திரியாவோடு மோதிய கோனிக்கிரேட்ஸ், 1870இல் பிரான்சோடு மோதிய செடான் என்று மூன்று களங்கள். உச்சியில் கூர்முனை வைத்த தோல் தலைக்கவசத்துக்கு மாதிரியாக, முதல் உலகப்போரின் தொடக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மூன்று களத்துக்கும் அதையே பார்த்து வரையலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பது ஏறத்தாழ எழுபது ஆண்டு மாறி மாறி வந்து நின்ற கடைசி வடிவம். எல்லோர் கண்ணும் உச்சிக் கூர்முனையிலேயே போய் நிற்கிறது. ஆனால் காலத்தைச் சொல்வது அதற்குக் கீழே இருப்பவைதான். தலையை மூடும் கிண்ணத்தின் உயரம், நெற்றிக்கு முன்னால் நீளும் முன்மடலின் வடிவம், கூர்முனை உட்கார்ந்திருக்கும் அடித்தகடு. இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் 1848. பிரஷ்ய அரசர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் இந்தத் தலைக்கவசத்துக்கு ஆணை பிறப்பித்தது 1842 அக்டோபர் 23 அன்று. அதுவரை காலாட்படை அணிந்தது ஷாக்கோ எனும் உருளைத் தொப்பி. ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலஸின் மேசையில் இருந்த மாதிரியைப் பார்த்து அரசர் ஆசைப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. ரஷ்யப் படைக்கு இதுபோன்ற தலைக்கவசம் வந்தது 1844இல்தான் என்பதால் அந்தக் கதையை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன். பேச்சுவழக்கில் இதற்குப் ‘பிக்கெல்ஹௌபே’ என்று பெயர். படையின் ஏடுகளில் வெறுமனே ‘கூர்முனையுள்ள தலைக்கவசம்’.

அந்த 1842 வடிவம் உங்கள் புகைப்படத்தில் இருப்பதைவிட நன்றாக உயரமானது. மாட்டுத்தோலை வார்ப்பில் இழுத்து, கறுப்பு அரக்குப்பூச்சு பூசி, கடினமாக்கிச் செய்த கிண்ணம். முன்மடல் நேராக வெட்டியதுபோல மூலைகளோடு சதுரமாக இருக்கும். கூர்முனைக்கு அடியில் சிலுவை வடிவில் நான்கு கைகள் விரிந்த பித்தளைத் தகடு. பின்புறம் உச்சியிலிருந்து கழுத்து மடல்வரை இறங்கும் பித்தளைப் பட்டை. தாடைக்குக் கீழே மீன்செதில்போல அடுக்கிய பித்தளைப் பட்டி. கூர்முனை வெறும் அலங்காரம் இல்லை. உள்ளே காற்று போய்வர வழிவிட்டது. மேலிருந்து இறங்கும் வாள்வெட்டை வழுக்கிவிடும் என்றும் நினைத்தார்கள்.

பெர்லின் காட்சியில் இன்னொரு நுணுக்கம். 1848 மார்ச் 18, தடுப்பரண் சண்டை நடந்த நாள். அன்று படைவீரனின் தலைக்கவசத்தில் இருந்தது நாட்டு நிறம் காட்டும் சிறு வட்டவில்லை, அதுவும் பிரஷ்யாவின் கறுப்பு-வெள்ளை ஒன்று மட்டும்தான், வலப்பக்கத்தில். மூன்று நாள் கழித்து அரசரே ஜெர்மன் ஒற்றுமையின் அடையாளமான கறுப்பு-சிவப்பு-பொன் நிறம் அணிந்து குதிரையில் ஊர்வலம் போனார். அதன்பின் படையினருக்கும் அந்த ஜெர்மன் வில்லை சேர்ந்தது. 1851இல் அதைக் கழற்றியும் விட்டார்கள். உங்கள் கதை மார்ச் 18 முடிந்தும் நகர்கிறது என்றால், அந்தச் சின்ன வட்டம் ஒன்றே வாசகருக்கு நாளைச் சொல்லிவிடும். தவறவிடாதீர்கள்.

அடுத்தது கோனிக்கிரேட்ஸ், 1866 ஜூலை 3. உயரமும் எடையும் அதிகம் என்று 1857இலும் 1860இலும் கிண்ணத்தைத் தாழ்த்தியிருந்தார்கள். ஆகவே 1848 வடிவத்தைவிடக் குட்டையாக வரையுங்கள். முன்மடல் இன்னும் சதுரம்தான், அடித்தகடு இன்னும் சிலுவைதான். கவசத்தின் நெற்றியில் உள்ள கழுகுச் சின்னத்தின் குறுக்கே ‘அரசருக்காகவும் தாயகத்துக்காகவும் கடவுளோடு’ என்ற பொருள்தரும் ஜெர்மன் வாசகப் பட்டை 1860இல்தான் வந்தது. பெர்லின் காட்சியில் அதைப் போட்டுவிடாதீர்கள். இந்தப் போரில் சாக்சனி எனும் இன்னொரு ஜெர்மன் அரசின் படை ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது, கூர்முனை அணியவில்லை. அவர்கள் பிரஷ்ய முறைக்கு மாறியது தோற்று, பிரஷ்யா தலைமையிலான வட ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்தபின், 1867இல்.

செடானில்தான் ஓவியர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 1867 மாதிரியில் சாதாரண வீரனின் முன்மடல் வளைந்தது, சிலுவைத் தகடு போய் வட்டத் தகடு வந்தது, பின்புறப் பட்டையையும் எடுத்துவிட்டார்கள். பட்டை இல்லாமல் கிண்ணம் தளர்ந்ததால் 1871இல் அதைத் திரும்பப் பொருத்தினார்கள். புது மாதிரி வந்த அன்றே பழையதைத் தூக்கிப்போடும் வழக்கம் எந்தப் படைக்கும் கிடையாது. அதனால் கூட்டத்தில் சில பழைய சதுர மடல்களைக் கலந்து வரைந்தால் காட்சிக்கு உயிர் கூடும். டிராகூன் குதிரைப்படையும் தளபதிகளும் எப்படியும் சதுர மடலையும் சிலுவைத் தகட்டையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பீரங்கிப் படைக்குக் கூர்முனை இல்லை. 1840களின் நடுப்பகுதியிலேயே அவர்களுக்கு உச்சியில் பித்தளை உருண்டை வந்துவிட்டது. குருப் நிறுவனம் செய்த பீரங்கிகளைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கட்டாயம் உருண்டைதான். ஹுஸார், உலான் குதிரைப்படைகளுக்கும், யேகர் எனும் வேட்டைக்காரப் பட்டாலியன்களுக்கும் தனித்தனித் தொப்பிகள் உண்டு. அவர்கள் தலையில் கூர்முனை ஏறக்கூடாது.

மிகப் பெரிய பிழை, செடானில் பிரஷ்யர்களோடு சேர்ந்து போரிட்ட தென் ஜெர்மன் பவேரியர்களை வரைவதில் நடக்கிறது. செடானை ஒட்டிய பஸேய் கிராமத்தில் வீட்டுக்கு வீடு சண்டை போட்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் தலையில் இருந்தது கம்பளிப்புழுபோல ஒரு மயிர்க்கொண்டை உச்சியில் படுத்திருக்கும் வேறொரு கவசம். பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் இறந்த 1886இல்தான் பவேரியா கூர்முனைக்கு மாறியது. அந்தக் கிராமத்தை வரையப்போகிறீர்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தையாவது கேளுங்கள். எரியும் தெருவில் அந்தக் கொண்டைகள் தரும் உருவம் கூர்முனைகளைவிட அழகானது, உண்மையானதும்கூட.

பிரஷ்ய முதலமைச்சர் பிஸ்மார்க் வருகிறார் என்றால், அவருடைய புகழ்பெற்ற கவசம் தோல் அல்ல. கழுத்துவரை அடுக்கடுக்காக இறங்கும் குயிராசியர் குதிரைப்படையின் எஃகுக் கவசம். ஆனால் சரணடைந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை, செடானை ஒட்டிய டோன்ஷெரி சாலையில் சந்தித்தபோது அவர் சாதாரணத் தொப்பிதான் அணிந்திருந்தார்.

உங்கள் புகைப்படத்தில் நகல் எடுக்கவே கூடாதவை மூன்று. தாடையில் தெரியும் தோல்வார்: காலாட்படைக்கு அது 1887இல் வந்தது, உங்கள் மூன்று களத்துக்கும் பித்தளைச் செதில்தான். இருபுறமும் இரு வில்லைகள்: கறுப்பு-வெள்ளை-சிவப்புப் பேரரசு வில்லை 1897இல் வலப்பக்கம் ஏறியபோதுதான் மாநில வில்லை இடப்பக்கம் நகர்ந்தது. பித்தளையின் மினுக்கத்தை மறைக்கும் துணியுறை: அது 1892க்குப் பிந்தியது. செடானில் பித்தளை வெயிலில் பளபளக்கட்டும்.