வேலைக்குப் போகும் அம்மாக்கள் பண்டிகைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எதை வைத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள்?

முதல் எட்டு வருடம் நான் சமாளிக்கவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் பதில்களில் பாதி, ‘முன்கூட்டியே திட்டமிடுங்கள், பட்டியல் போடுங்கள்’ என்கின்றன. நானும் பட்டியல் போட்டேன். அதில் இருந்த வேலை எல்லாம் என் பெயரிலேயே இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் வீடு திருச்சி திருவானைக்காவலில். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர், மாமியார், பதினைந்து வயதில் ஒரு பெண், பதினோரு வயதில் ஒரு பையன். மாமியாருக்குச் சொந்த ஊர் லால்குடி பக்கம். அந்தக் காலத்தில் பெரிய கூட்டுக் குடும்பம், பண்டிகை என்றால் நான்கைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து முறுக்கு பிழிவார்களாம். அந்த நான்கைந்து பேர் செய்ததை நான் ஒருத்தி, அதுவும் ஆபீஸ் விட்டு வந்து, செய்ய முயன்றேன். யாரும் செய் என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

2016 தீபாவளி. சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ராத்திரி பத்து மணிக்கு அதிரசத்துக்குப் பாகு வைத்தேன். அதிரசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எல்லாமே பாகில்தான். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஈரம் தெரிகிற பக்குவத்தில் அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், கரையாமல் சேர்ந்து மெத்தென்று உருட்ட வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் எண்ணெயில் பிரிந்து போகும். தாண்டிவிட்டால் கல். நான் பாகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது பையன் அழுதான், போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன், அவசரத்தில் பதம் பார்க்காமலே இறக்கி மாவைக் கொட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்துச் சுட்டபோது முதல் அதிரசம் வாணலியில் அப்படியே விரிந்து, தூள்தூளாகி, எண்ணெய் முழுக்க நுரைத்தது. இரண்டாவதும் அப்படியே. அடுப்பை அணைத்துவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சாதாரண அழுகை இல்லை, விக்கி விக்கி.

மாமியார் வந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் கொஞ்சம் அரிசி மாவு தூவிப் பிசைந்து, ஏழெட்டைத் தேற்றினார். அப்புறம் கேட்டார்: “ஏம்மா, இதை யாரு கேட்டா?”

எனக்குக் கோபம் வந்தது. “நீங்கதானே அத்தை வருஷா வருஷம் செய்வீங்க?”

“நான் வேலைக்குப் போனேனா?”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, அதிரசம் மேல் வந்த அழுகை இல்லை இது என்று புரிந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் செய்ததை எண்ணிப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மோட்டார் போட்டது, இரண்டு டிபன் டப்பா, பெரியவளுக்கு ஜடை, பால்காரர் கணக்கு, பஸ், ஆபீஸ், திரும்பும்போது காய்கறி, வீட்டுப்பாடம், பாத்திரம். இதற்கு மேல்தான் அதிரசம். சாதாரண நாளே வழிய வழிய நிரம்பியிருக்கும்போது அதன் தலையில் பண்டிகையை வைத்தால் எப்படி நிற்கும்? அதனால் இந்தக் கேள்வியையே நான் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். உங்கள் வீட்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி நடக்கிறது? அது சரியாக இருந்தால் தீபாவளியும் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டுச் செவ்வாய்க்கிழமையைச் சரிசெய்ய இட்லி மாவிலிருந்து ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது என் வேலையாக இருந்தது. அதை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ‘கூடமாட ஒத்தாசை’ என்ற பேச்சே வேண்டாம், அந்த வேலை முழுக்க உங்களுடையது என்றேன். ஒத்தாசை என்றால் உளுந்தை எடுத்துக் கொடு, கிரைண்டரை நீ கழுவு, உப்பு எவ்வளவு என்று எழுபது கேள்வி வரும். அதற்கு நாமே அரைத்துவிடலாம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். முதல் வாரம் மாவு மோர் மாதிரி இருந்தது. வாரம் முழுக்க தோசைதான், அதுவும் ஓட்டை ஓட்டையாக. நான் வாயைத் திறக்கவில்லை (இது நான் வாழ்க்கையில் செய்த கடினமான காரியங்களில் ஒன்று). இரண்டாவது மாதம் அவர் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது நான் ஏதாவது சொன்னால், “மாவு விஷயத்தில் நீ தலையிடாதே” என்கிறார்.

அப்படியே ஒவ்வொன்றாக நகர்ந்தது. விளக்கமாக எழுதினால் இன்னொரு பதில் ஆகிவிடும்.

சரி, எதை விட்டோம்? முறுக்கு, சீடை, மிக்சர் எல்லாவற்றையும் வீட்டில் சுடுவதை விட்டோம். தெருக்கோடியில் ஒரு அம்மா ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கிறார், அவரிடம் வாங்குகிறோம். ‘கடையில வாங்கினதா?’ என்று கேட்கும் உறவினர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆமாம் என்று சொல்லிப் பழகுங்கள், மூன்று வருடத்தில் கேட்பது நின்றுவிடும். பொங்கலுக்கு லால்குடி பக்கம் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வாசலில் கல் கூட்டி, சுள்ளி வைத்துப் பானை ஏற்றினால்தான் பொங்குவதற்கு ஒரு அழகு. கேஸ் அடுப்பில் பால் பொங்கினால் பர்னர் அணைந்து வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை, ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்துவதா, துணியை எடுத்துக்கொண்டு ஓடுவதா?

தீபாவளியில் விடாதது எண்ணெய் ஸ்நானமும் மருந்தும். 2018இலிருந்து தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வந்துவிட்டதால், எனக்கு ஒரு சௌகரியம். ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளே ஐந்து மணிக்கு எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு பாட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கார்த்திகைக்கு எங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். உச்சியில் தீபம் ஏற்றியதும் இங்கே எங்கள் அகல்களை ஏற்ற ஆரம்பிப்போம். அதற்கு முந்தின வாரமே மாமியாரும் பெரியவளும் டிவி பார்த்துக்கொண்டே திரி உருட்டி டப்பாவில் போட்டுவிடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் அகல் எல்லாம் ஹாலுக்குள் வந்துவிடும், அது இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் பெரிய பண்டிகை எது என்று கேட்டால், பிள்ளைகள் இரண்டு பேரும் யோசிக்காமல் ஆடிப்பெருக்கு என்பார்கள். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கலாம். ஆடி 18, ஆகஸ்ட் 2 அல்லது 3 அன்று வரும். பலகாரம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது. புளிச்சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். புளிக்காய்ச்சலை முந்தின நாளே மாமியார் செய்துவிடுவார். அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டால் போதும். ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, பழம், காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, மாமியார் கையால் எனக்கும் பெரியவளுக்கும் மஞ்சள் கயிறு. புதுத் தம்பதிகள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஸ்ரீரங்கம் பெருமாளிடமிருந்து காவிரிக்குச் சீர் வருகிற வழக்கம் வேறு இருக்கிறது. தங்கைக்கு அண்ணன் அனுப்புவது என்று மாமியார் சொல்வார். சொல்லும்போது லால்குடித் தம்பி ஞாபகம் வந்து கண் கலங்கும். அவர் ஒரு பட்டுப்புடவையும் அனுப்பியதில்லை என்பது வேறு கதை.

இந்தப் பண்டிகை பிள்ளைகளுக்குப் பிடிக்கக் காரணம் அது ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் என்று நினைக்கிறேன். காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்கள் ஆடிப்பெருக்கு. 2017இல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் தேதி அணை திறக்கவில்லை, ஆகஸ்டிலும் இல்லை. ஆற்றில் மணல். பெரியவளுக்கு ஏழு வயது, “தண்ணியே இல்லாம எதுக்கும்மா தண்ணிப் பண்டிகை?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மாமியார் மட்டும், “விருந்தாளி லேட்டா வந்தா சாப்பாடு போடாம இருப்பியா?” என்றார். அடுத்த வருடம் 2018 ஜூலையிலேயே அணை முழு உயரமான 120 அடிக்கு நிரம்பி, ஆடி 18 அன்று கரைக்குக் கரை தண்ணீர். பாட்டி சொன்ன விருந்தாளி வந்துவிட்டார் என்று அவள் படியில் குதித்த குதியில் என் வயிறு கலங்கியது. 2024இலும் அப்படித்தான், நிரம்பி ஓடியது. கையைப் பிடித்துக்கொண்டு மேல்படியோடு சரி, கீழே விடவில்லை. வெள்ள வருடங்களில் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினாலும் காவிரிதான்.

2020இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் ஞாயிறு எல்லாம் முழு ஊரடங்கு. ஆற்றுக்குப் போக முடியாது. மாமியார் பித்தளை அண்டாவில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, பூப் போட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டார். சின்னவன் தன் சப்பரத்தை மாடி முழுக்க இழுத்தான். சப்பரம் என்றால் மரச்சக்கரம் வைத்த சின்னத் தேர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆடி 18க்கு இழுப்பார்கள். வீட்டுக்காரர் பழைய பலகையில் அடித்துக் கொடுத்தது. ஒரு சக்கரம் கோணல். இன்றைக்கும் அது கோணிக்கொண்டுதான் ஓடுகிறது, மாற்றித் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறான்.

பிறந்தநாளையும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு. இங்கிலீஷ் தேதிக்குக் கேக், நண்பர்கள். நட்சத்திரத்துக்குக் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். இரண்டாவதை நான் மறந்துவிடுவேன், மாமியார் மறந்ததே இல்லை. காலண்டரில் நட்சத்திரம் பார்த்து ஒரு மாதம் முன்பே பேனாவால் சுழித்து வைத்திருப்பார். என் நட்சத்திரத்தையும் சேர்த்து. அது எனக்குத் தெரிந்ததே நாலைந்து வருடம் முன்புதான். ஒரு நாள் சும்மா ஒரு புதன்கிழமை பாயசம் இருந்தது, ஏன் என்று கேட்டால், “உனக்கு இன்னிக்குத்தான்” என்றார்.

பெரியவள் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் பண்டிகை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். ஏதாவது சர்க்கரைப் பொங்கல், புத்தாடை என்று எழுதியிருப்பாள் என்று நோட்டைத் திறந்தேன். ‘எங்கள் வீட்டில் பண்டிகை என்பது பரணிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கும் நாள்’ என்று ஆரம்பித்திருந்தாள். அப்பா ஸ்டூலில் ஏறுவார், தம்பி ஸ்டூலைப் பிடிப்பான், பாட்டி கீழே நின்று ‘பாத்து, பாத்து’ என்பார், பாத்திரத்துக்குள் போன வருட நியூஸ் பேப்பர் இருக்கும், அதை நான் உட்கார்ந்து படிப்பேன், அம்மா திட்டுவாள். ஒரு பக்கம் முழுக்க இதுதான். சாப்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன தீபாவளிக்கு அவளே வந்து அதிரசம் செய்து பார்க்கிறேன் என்றாள். ஒன்பது வருடமாக வீட்டில் சுடாத அதிரசம். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பதம் சொன்னார், நான் ஆபீஸிலிருந்து வரும்போது மாவு தயாராக இருந்தது. இரண்டு நாள் வைத்து, மூன்றாம் நாள் சுட்டோம். முதல் அதிரசம் வாணலியில் இறங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. விரிந்தது, நுரைத்தது, தூளாகியது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பாட்டியைப் பார்த்தேன். அதற்குள் சின்னவன் ஜல்லிக்கரண்டியில் அதை அள்ளித் தட்டில் கொட்டி, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டு, “இது அதிரசம் இல்லக்கா, உதிரசம்” என்றான்.

அரிசி மாவு தூவியும் அன்றைக்குத் தேறியது பதினொன்றுதான். உதிரசம் ஒரு டப்பா நிறைய இருந்தது. அதுதான் முதலில் காலியானது.