பெரிய ஜன்னல் இருந்தும் திரையை மூடச் சொல்கிறார்கள் – பதில்

கடும் நோயாளிகள் தங்கும் அறையில் பெரிய ஜன்னல் இருந்தும், படுத்திருப்பவர்கள் திரையை மூடச் சொல்கிறார்கள், ஜன்னலைச் சிறிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜன்னலைச் சிறிதாக்காதீர்கள். அதன் அடிவிளிம்பை இறக்குங்கள், கட்டிலைத் திருப்புங்கள்.

நீங்கள் எழுதியபடி அடிவிளிம்பு 90 செ.மீ. உயரம், கட்டிலின் கால்மாடு ஜன்னலை நேரே பார்க்கிறது. நிற்கிறவருக்குத் தோட்டம் தெரியும். படுத்திருப்பவரின் கண் அதைவிடத் தாழ்வு. அவருக்குத் தெரிவது வெறும் வானம், அதுவும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். அதனால்தான் திரை கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சோதிக்க எளிய வழி: அந்தக் கட்டிலிலேயே நீங்கள் படுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அரைமணி நேரம் அசையாமல். விட்டத்தில் இருக்கும் விளக்கு கண்ணில் குத்துவதும் அப்போதுதான் உறைக்கும். வரைபடம் இதைக் காட்டவே காட்டாது.

அடிவிளிம்பை 50 செ.மீ. அளவுக்கு இறக்கி, ஜன்னல் கட்டிலுக்குப் பக்கவாட்டில் வருமாறு வையுங்கள். தலையைத் திருப்பினால் மரம், திருப்பாவிட்டால் அமைதியான சுவர். அந்தத் தேர்வு அவர் கையில் இருக்கட்டும். அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் தேர்வுகளே கொஞ்சம்தான்.

ஒன்றில் மட்டும் கவனம்: தாழ்ந்த ஜன்னலுக்கு எளிதில் உடையாத கண்ணாடி வேண்டும், மனக்குழப்பத்தில் எழுந்து நடப்பவர்கள் இருப்பார்கள். வெளியே நடைபாதை இருந்தால் செடி வைத்து மறையுங்கள்.